தலைவர் போன பிறகுதான் தெரிந்தது, எங்கள் சங்கத்துக்கு நிர்வாகக் குழுவே இல்லை என்பது

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் கடற்கரையில் பதிவான சங்கங்கள் ஏராளம். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா என்று எந்தக் குப்பத்துக்குப் போனாலும் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. எங்கள் சங்கமும் 2005-இல் அப்படிப் பதிவானதுதான். மீனவர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, பெண்களுக்குத் தையல் பயிற்சி, புயலோ வெள்ளமோ வந்தால் அரிசியும் போர்வையும். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் தலைவர் இறந்தார். அதற்குப் பிறகு மூன்று வருடம் சங்கம் பட்ட பாட்டில் ஒரு ரூபாய்கூட யாரும் திருடவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். திருட்டு என்றால் ஆளைப் பிடித்துத் திட்டலாம். இங்கே எல்லோரும் நல்லவர்கள், தாள்தான் இல்லை. அந்த வகையில் மட்டும் ஆடிட்டர், வக்கீல், தாமதக் கட்டணம் என்று 2,38,000 ரூபாய் போனது. கைக்கு வரவேண்டிய 7,50,000 ரூபாய் நிதி வராமல் போனது. அது தனி.

சிக்கல் செக்கில்தான் தொடங்கியது. தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வங்கியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இருவரில் ஒருவர் இறந்ததும் கணக்கு நின்றுவிட்டது. சேமிப்பில் 4,30,000, வைப்பில் 6,00,000. வங்கியில் கேட்டது ஒன்றே ஒன்று: இப்போதைய நிர்வாகிகள் பட்டியல், சங்கப் பதிவாளரின் சான்றொப்பத்தோடு. கேட்க நியாயமான கேள்வி. அதுவரை செயற்குழு உறுப்பினராக மட்டும் இருந்த என் தலையில் செயலாளர் வேலை விழுந்திருந்தது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்று நகல் கேட்டு விண்ணப்பித்தோம். வந்த நகலில் கடைசிப் பட்டியல் 2012-ஆம் வருடத்தது. ஒன்பது பேர். அதில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், ஒருவர் ஊரிலேயே இல்லை.

இங்கே ஒரு சட்ட விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் 15-ஆம் பிரிவுப்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், ஒருவரின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கலாம், தடையில்லை. ஆனால் தேர்ந்தெடுத்தாக வேண்டும். குழுவில் ஆள் மாறினால் படிவம் 7-இல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு மூன்று மாதம் அவகாசம். எங்கள் சங்கத்தில் 2012-க்குப் பிறகு ஒரு படிவம் 7-கூடப் போகவில்லை. பொதுக்குழு கூடாமலும் இல்லை. வருடா வருடம் கூடும், சாம்பார் சாதம் போடுவார்கள், ‘இப்போ இருக்கறவங்களே தொடரட்டும்’ என்று கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் தாளில் ஏறவில்லை. ஆகவே பதிவேட்டின் கண்ணில் 2015 முதல் எங்களுக்கு நிர்வாகக் குழுவே கிடையாது. ஆறு வருடம் கையெழுத்துப் போட்டவர்கள், நான் உட்பட, எந்த அதிகாரத்தில் போட்டோம் என்று கேட்டால் பதில் இல்லை.

எனக்கு அப்போது வந்த கோபம் முழுக்க இறந்துபோனவர் மேல். தினமும் குப்பத்துக்குப் போய்ப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டி வந்த மனுஷன். அவரைப் போய் மனசுக்குள் திட்டுகிறோமே என்ற குற்ற உணர்வு ஒரு பக்கம், மாதக் கடைசியில் சம்பளத்துக்கு நிற்கும் ஆறு டீச்சர்களின் முகம் ஒரு பக்கம். ஆளுக்கு 5,000, மாதம் 30,000. ‘சார், இந்த மாசமாவது வருமா?’ என்று ஒருவர் கேட்டபோது, கணக்கில் பத்து லட்சம் இருக்கிறது ஆனால் தர முடியாது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் நம்பவா போகிறார்கள்?

சம்பளத்துக்கு மூன்று மாதம் என் பணம் 90,000 போட்டேன். வங்கி வழியாக அனுப்பி, ‘சங்கத்துக்கு வட்டியில்லாக் கடன்’ என்று கடிதம் வைத்ததால் பின்னால் திரும்ப வந்தது. இன்னொரு உறுப்பினர், பாவம், 40,000 ரூபாயை ரொக்கமாக நேரே டீச்சர்கள் கையில் கொடுத்தார். அது சங்கக் கணக்கில் வரவாகவும் இல்லை, செலவாகவும் இல்லை. திருப்பித் தர எந்த வவுச்சரும் எழுத முடியவில்லை. ரொக்கமாகக் கடன் என்று காட்டலாமா என்றால், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அவசரத்துக்கு உறுப்பினர் பணம் போட்டால் சங்கத்தின் பெயருக்கு வங்கியில் போடுங்கள், கடனா நன்கொடையா என்று அன்றே எழுதுங்கள், அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக ஏற்றுங்கள். கணக்கு முடங்கியிருந்தாலும் பெரும்பாலும் பணம் உள்ளே போகும், வெளியேதான் வராது. அதனால் நான் சங்கக் கணக்குக்குப் போடாமல் டீச்சர்கள் கணக்குக்கு நேரே அனுப்பினேன். ஒவ்வொருவரிடமும் ‘சங்கத்துக்காக இன்னார் செலுத்திய ஊதியம்’ என்று ரசீது வாங்கிக்கொண்டேன். ஆடிட்டர் அதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்து, கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் மினிட் புத்தகம். பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தால் 2013-இலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே கையெழுத்து, ஒரே மை. வருடக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போது மொத்தமாக உட்கார்ந்து எழுதியது பார்த்தாலே தெரியும். பல கூட்டங்களுக்கு வருகைக் கையெழுத்து இல்லை. எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: ‘வரவு செலவு வாசிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்கப்பட்டது. தையல் மெஷின் வாங்குவது என முடிவானது. நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.’ எத்தனை மெஷின், என்ன விலை, யாரிடம், எந்தப் பணத்தில்? எதுவும் இல்லை. இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் எதையும் நிரூபிக்க முடியாது.

இப்போது எங்கள் புத்தகத்தில் ஒரு தீர்மானம் எப்படி இருக்கிறது என்று அப்படியே தருகிறேன், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு: ‘தீர்மானம் 4. தையல் பயிற்சி மையத்துக்கு 6 தையல் மெஷின்கள், ஒன்று 9,800 ரூபாய் வீதம் மொத்தம் 58,800 ரூபாய்க்கு வாங்க அனுமதிக்கப்படுகிறது. மூன்று விலைப்புள்ளிகள் பார்வைக்கு வைக்கப்பட்டன, குறைந்த விலை ஏற்கப்பட்டது. விலைப்புள்ளி தந்த கடைகளில் ஒன்று தம் மைத்துனருடையது என்று ஓர் உறுப்பினர் தெரிவித்து, இப்பொருள் பேசி முடியும் வரை வெளியே இருந்தார். பணம் தையல் திட்ட ஒதுக்கீட்டிலிருந்து, வங்கி மூலம். ஆதரவு 6, எதிர்ப்பு 1. எதிர்த்தவர் கூறியது: பழைய மெஷின்களைப் பழுது பார்த்தால் போதும்.’ இவ்வளவுதான். எழுத ஐந்து நிமிடம் ஆகாது. எதிர்ப்பை எழுதுவதை மட்டும் நம் ஆட்கள் அவமானமாக நினைக்கிறார்கள், ‘ஏகமனதாக’ என்று போட்டால்தான் திருப்தி. ஆனால் பின்னால் ஒரு செலவு தப்பாகப் போனால், அன்றைக்கு எதிர்த்தவரைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு வரிதான்.

மினிட் புத்தகத்துக்குச் சில கறார் விதிகள் வைத்திருக்கிறோம். பக்க எண் அச்சிட்ட தைத்த புத்தகம் மட்டுமே, தனித்தாள் ஒட்டுவது இல்லை. கூட்டம் தொடங்கும் முன்பே தேதி, இடம், நேரம் எழுதி வந்தவர்கள் கையெழுத்து வாங்கிவிடுவோம். கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தது வேண்டிய ஆட்கள்) எத்தனை, வந்தவர் எத்தனை என்று எண்ணால் எழுதுவோம். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம். கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் நகல் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் போகும், அடுத்த கூட்டத்தின் முதல் வேலை அதைப் படித்துத் தலைவர் கையெழுத்திடுவது. வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ போட்டதைத் தீர்மானமாக எண்ணுவது கிடையாது. பைலாவில், அதாவது சங்கத்தின் விதிமுறைகளில், அப்படி ஒரு வழி இருந்தால் சரி, பழைய பைலாக்களில் இருக்காது.

இந்த நிலையில்தான் சண்டை வந்தது. முன்னாள் துணைத் தலைவர் ஒருவர், தாமும் ஒரு பொதுக்குழு நடத்தியதாகச் சொல்லி வேறு ஒரு நிர்வாகிகள் பட்டியலைத் தாக்கல் செய்தார். நாங்களும் ஒன்று தாக்கல் செய்திருந்தோம். இரண்டு பட்டியல் வந்தால் எது சரியான குழு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பதுதான் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பது. 36-ஆம் பிரிவில் சங்கத்தின் நடப்பையும் நிதி நிலையையும் பதிவாளர் விசாரிக்கலாம். குழுவில் பெரும்பான்மையோரோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவரோ கேட்டால் அதற்கு வழியுண்டு. ஆனால் அது விசாரணை, ‘நீ செயலாளர், நீ இல்லை’ என்று சொல்லும் தீர்ப்பு அல்ல. பலர் இதைப் புரிந்துகொள்ளாமல் அலுவலகத்தின் மேல் பழி போட்டுவிட்டு மனு மேல் மனு எழுதிக் காலத்தைக் கழிக்கிறார்கள். வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போனது.

கோர்ட்டில் முதலில் எழுந்த கேள்வி எங்களை வாயடைக்க வைத்தது: உங்கள் சங்கத்தின் உறுப்பினர் யார்? இரு தரப்பும் பொதுக்குழு நடத்தியதாகச் சொல்கிறோம். பொதுக்குழு என்றால் உறுப்பினர்கள். உறுப்பினர் பதிவேட்டில் 64 பெயர். பைலாப்படி வருடச் சந்தா 100 ரூபாய் கட்டாதவருக்கு வாக்கு இல்லை. சந்தா ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் கட்டியவர் 14 பேர். மீதிப் பேரிடம் கேட்கவே இல்லை. ‘ஏழைப்பட்ட ஜனம், அவங்ககிட்ட போய் நூறு ரூபாய் கேப்பியா?’ என்பது பழைய தலைவரின் வாதம். நல்ல மனசுதான். ஆனால் அந்த நூறு ரூபாய் ரசீதுதான் வாக்காளர் பட்டியல். வாங்க மனசில்லை என்றால் பைலாவைத் திருத்திச் சந்தாவை ஒரு ரூபாயாக வைத்துக்கொள்ளலாம். திருத்தத்தைப் பதிவாளரிடம் பதிவு செய்தால்தான் செல்லும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தீர்ந்தது சமரசத்தில். ஊர்ப் பெரியவர்களும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் நடுவில் உட்கார்ந்து பேசினார்கள். 2012 பட்டியலில் மிஞ்சியிருந்த ஐவரின் பெயரில் பொதுக்குழு கூட்டுவது, பாக்கிச் சந்தாவைக் கட்ட 64 பேருக்கும் அவகாசம் தருவது, கோர்ட் நியமிக்கும் அட்வகேட் கமிஷனர் தேர்தலை நடத்துவது என்று கூட்டு மனு போட்டோம். 2024 ஜனவரியில் தேர்தல். எங்கள் பைலாப்படி 21 நாள் முன்னறிவிப்பு, ஒப்புகை அட்டையோடு தபால். திரும்பி வந்த உறைகளைப் பிரிக்காமல் அப்படியே கோப்பில் வைத்தோம், அனுப்பியதற்கு அதுவே சாட்சி. அறிவிப்பில் ‘தலைவர் அனுமதியோடு இதர விஷயங்கள்’ என்று ஒரு வரி போட்டு அதில் தேர்தலை நடத்தப் பார்ப்பார்கள், அது நிற்காது. எந்தப் பதவி, எத்தனை இடம், வேட்புமனு கடைசி நாள் எல்லாம் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். கமிஷனர் கட்டணமும் வக்கீல் கட்டணமும் சேர்ந்து 90,000 ரூபாய். ஏப்ரலில் வங்கிக் கணக்கு திறந்தது. எதிர்த்தரப்பிலிருந்து இரண்டு பேர் குழுவுக்குள் வந்தார்கள். வெளியே இருந்து குடைந்ததைவிட உள்ளே உட்கார்ந்து கேட்கும் கேள்விகள் சங்கத்துக்கு எவ்வளவோ உபயோகம்.

அப்பாடா என்று உட்கார்ந்த வருடத்தில்தான் பெரிய அடி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைமீறிக் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் வந்தது. நிவாரணத்துக்கும் வகுப்பறை சீரமைப்புக்கும் ஒரு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியில் 7,50,000 தரத் தயாராக வந்தது. கேட்டது நான்கு தாள்: 12ஏபி பதிவு (சங்க வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி பதிவு (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை), சி.எஸ்.ஆர்.-1 எண் (அந்த நிதியை வாங்குவதற்கான பதிவு), தர்ப்பண் ஐ.டி. (தொண்டு அமைப்புகளுக்கான அரசு இணையதள எண்). எங்களிடம் இருந்தது 2007-இல் வாங்கிய 12ஏ, அதாவது 12ஏபி-க்கு முந்தைய பழைய பதிவு. பழைய ஆடிட்டர், ‘அது ஒருதடவை வாங்கினா ஆயுசுக்கும் செல்லும்’ என்று அடித்துச் சொல்லியிருந்தார். 2021 ஏப்ரல் 1-க்கு முன்பு வரை அது உண்மைதான். அதற்குப் பிறகு பழைய பதிவு உள்ள எல்லோரும் படிவம் 10ஏ போட்டு மறுபதிவு செய்ய வேண்டும் என்று மாறிவிட்டது. கடைசித் தேதியைத் தள்ளித் தள்ளி 2024 ஜூன் 30 வரை கொடுத்தார்கள். நினைவூட்டல் மின்னஞ்சல்கள் போனது இறந்துபோன தலைவரின் சொந்த முகவரிக்கு. வருமான வரி இணையதளத்தில் பதிந்திருந்த கைபேசி எண்ணும் அவருடையதே. அந்த எண்ணைக் கம்பெனி வேறு யாருக்கோ கொடுத்திருந்தது. நிதி தர வந்த நிறுவனம் நாலு வாரம் காத்துவிட்டு வேறு அமைப்புக்குப் போனது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நிதி போனதோடு முடியவில்லை. மறுபதிவு செய்யாத அறக்கட்டளை, சங்கங்களின் நிகரச் சொத்து மதிப்பின் மேல் உச்சபட்ச விகிதத்தில் வரி போட அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 115டிடி பிரிவில் இடம் இருந்தது, 2023 திருத்தம் விண்ணப்பிக்கத் தவறியதையும் அதற்குள் கொண்டு வந்தது. இதைப் புது ஆடிட்டர் விளக்கிய அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நல்லவேளையாக 2024 அக்டோபர் 1 முதல் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் வருமான வரி ஆணையருக்குத் தரப்பட்டிருந்தது. தலைவரின் இறப்புச் சான்று, வழக்குத் தாள்கள், வங்கி முடக்கக் கடிதம் எல்லாம் வைத்து மனுப் போட்டோம், ஏற்கப்பட்டது. அதோடு பின்னால் கிடந்த வருடக் கணக்குகளைத் தணிக்கை செய்தது எல்லாம் சேர்த்து ஆடிட்டர் செலவு 1,10,000. பதிவாளர் அலுவலகத்துக்கான பழைய தாக்கல்கள், தாமதத்துக்குக் காரணம் சொல்லிய மனுக்கள், நகல், தபால் எல்லாமாக 38,000.

இதிலிருந்து உடனே செய்த வேலை: சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல், சங்கத்தின் பெயரில் ஒரு சிம். அந்த சிம் ஒரு சாதாரண பட்டன் போனில், அலுவலக மேசையில் இருக்கும். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். வருமான வரி, தர்ப்பண், வங்கி என எல்லாக் கடவுச்சொல்லும் ஓர் உறையில் அரக்கு வைத்துத் தலைவரிடம், இன்னொரு உறை ஆடிட்டரிடம். நிர்வாகி மாறினால் மறுநாளே கடவுச்சொல் மாறும். பதிவுச் சான்று, சான்றொப்பமிட்ட பைலா, பான் கார்டு, 12ஏபி, 80ஜி உத்தரவுகள், வைப்பு ரசீதுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டு, பதவி மாறும்போது தருபவரும் பெறுபவரும் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடுவார்கள்.

பணத்தில் செய்த மாற்றம் மூன்று பேருக்கு அதிகாரம், எந்த இருவர் போட்டாலும் செல்லும். மூவரில் இருவர் உறவினராக இருக்கக் கூடாது. எங்களில் ஒருவர் கடலுக்குப் போகிறவர், வாரக்கணக்கில் கரையில் இருக்க மாட்டார், அதனால்தான் மூன்றாவது ஆள். கையெழுத்திட்ட வெற்றுச் செக் பீரோவில் வைப்பது பல சங்கங்களில் சர்வசாதாரணம், தயவுசெய்து வேண்டாம். நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிய, மற்றவர் ஒப்புதல் தர என்று இரண்டு படி வைக்க முடியும், வங்கியில் கேட்டு வாங்குங்கள். ரொக்கப்புத்தகம் எழுதுபவர் செக் அதிகாரம் உள்ளவராக இருக்கக் கூடாது. கையிருப்பு ரொக்கம் 5,000-க்கு மேல் இல்லை. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை அறப்பணிச் செலவாக வருமான வரியில் ஏற்க மாட்டார்கள். வரும் நன்கொடையிலும் 2,000-க்கு மேல் ரொக்கம் என்றால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை இல்லை. பொருளாக வரும் நன்கொடைக்குத் தனிப் பதிவேடு வையுங்கள். புயல் நேரத்தில் வரும் அரிசி மூட்டைக்கும் பாய்க்கும் வரவும் இல்லாமல் பட்டுவாடாக் கையெழுத்தும் இல்லாமல் போனால், ஊரில் கிளம்பும் முதல் வதந்தி அதுவாகத்தான் இருக்கும்.

கூட்டத்தில் பொருளாளர் மொத்த வரவு செலவை வாசிக்க, மற்றவர்கள் காபி குடிப்பது பழைய பழக்கம். இப்போது இரண்டே தாள் வைக்கிறோம். ஒன்று வங்கி பாஸ்புக்குக்கும் ரொக்கப்புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கும் சரிக்கட்டல். அதை ஒவ்வொரு முறையும் வேறொரு உறுப்பினர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். இன்னொன்று நாள்காட்டி. மே 31-க்குள் நன்கொடையாளர் விவரம் படிவம் 10பிடி-யில் போக வேண்டும், தவறினால் நாளுக்கு 200 ரூபாய். செப்டம்பர் 30-க்குள் தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31-க்குள் வருமான வரிக் கணக்கான ஐ.டி.ஆர்.-7. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு, அதற்குப் பின் பதிவாளருக்குத் தாக்கல். வெளிநாட்டு நிதிப் பதிவு உள்ள அமைப்புக்கு டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.-4 என்ற வருடக் கணக்கும் சேரும். அவர்களுக்கு நிர்வாகி மாற்றத்தை மத்திய உள்துறைக்கும் தனியாகத் தெரிவிக்கும் வேலை உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுகின்றன, தேதிகளை ஆடிட்டரிடம் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியில் பதிந்த சங்கம் என்றால் அங்கே 1860-ஆம் வருடத்து மத்திய சட்டம், படிவம் 7 பற்றி நான் சொன்னதை அப்படியே அங்கே பொருத்த வேண்டாம். வருமான வரி விஷயங்கள் இரண்டு பக்கமும் ஒன்றே.

குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதில் எனக்கு இப்போது பிடிவாதமான கருத்து உண்டு. தலைவர், அவர் மனைவி, மருமகன், வீட்டு டிரைவர் என்று ஏழு கையெழுத்துச் சேர்த்துப் பதியும் சங்கங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. சங்கம் பதியச் சட்டம் கேட்கும் ஏழு பேர் கணக்காகிவிடும், கேள்வி கேட்க ஒருவர் இருக்க மாட்டார். கணக்குத் தெரிந்த ஒருவர், சங்கம் வேலை செய்யும் தெருவில் வாழும் இரண்டு பெண்கள், தலைவரோடு ஒத்துப்போகாத ஒருவராவது வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரைக் குழுவில் வைக்கலாமா என்று கடற்கரைச் சங்கங்களில் எப்போதும் ஒரு பேச்சு வரும். அவர்கள் சொல் ஊரில் எடுபடும், ஆனால் அவர்கள் எதிரில் யாரும் எதிர்த்துக் கை தூக்க மாட்டார்கள். நாங்கள் ஆலோசனைக்கு அழைக்கிறோம், வாக்கு வைக்கவில்லை.

இன்னும் தீராத ஒன்று பாக்கி இருக்கிறது. மாலை வகுப்பு நடக்கும் கட்டடம் சங்கப் பணத்தில் கட்டியது, நின்றிருக்கும் மனை பழைய தலைவரின் சொந்தப் பெயரில். அவர் இருந்தவரை அது ஒரு பேச்சாகவே எழுந்ததில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் நல்லவர்கள், எழுதித் தரச் சம்மதம்தான், ஆனால் ஒருவர் துபாயில் இருக்கிறார், தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வழிகாட்டி மதிப்பின் மேல் வரும். அதுவரைக்கும் 30 வருடக் குத்தகைப் பத்திரம் போட்டுப் பதிந்துவைக்கச் சொல்லி வக்கீல் வரைவு தந்திருக்கிறார். அடுத்த செயற்குழுவில் இரண்டாவது பொருளாக அது வருகிறது.